நான்குவழிச்சாலைப் பக்கம் வீடு பார்க்கிறீர்களா? முதலில் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

திருநெல்வேலியின் கிழக்குப் பகுதியான பாளையங்கோட்டை இப்போது நான்குவழிச்சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. தூத்துக்குடி சாலையில் கே.டி.சி. நகர், திருச்செந்தூர் சாலையில் வி.எம். சத்திரம், பெருமாள்புரத்துக்கும் என்.ஜி.ஓ. காலனிக்கும் தெற்கே ரெட்டியார்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் கல் நட்ட மனைகள், பாதி எழும்பிய சுவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற செவிலியர், கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறவர், பிள்ளைகளைப் பாளை பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்பையிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் வருகிற குடும்பம், வளைகுடாவில் சம்பாதித்து ஊர் திரும்பியவர் எல்லாரும் இங்கேதான் இடம் தேடுகிறார்கள். அப்படி வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன். இடையில் ஒரு படியைத் தாண்டிப் போக வேண்டாம்.

வேலைக்குப் போகும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்

திருநெல்வேலியை ஒரே ஊராக நினைத்து வீடு தேடக் கூடாது. தாமிரபரணிக்கு மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி டவுன், ரயில் நிலையத்தை ஒட்டி ஜங்ஷன், ஆற்றுக்குக் கிழக்கே பாளையங்கோட்டை, தெற்கே மேலப்பாளையம், வடக்கே தச்சநல்லூர். 1994இல் இவற்றைச் சேர்த்துத்தான் மாநகராட்சி ஆக்கினார்கள். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தனி நடமாட்டம், தனிச் சந்தை, தனி நெரிசல் உண்டு.

சிப்காட்டிலோ தாழையூத்திலோ வேலை என்றால் கே.டி.சி. நகர் வசதி. நான்குவழிச்சாலையைப் பிடித்தால் ஊருக்குள் நுழையாமலே வடக்கே போய்விடலாம். தூத்துக்குடிக்குத் தினமும் போய்வருகிறவர்களுக்கும் அதுதான் சரி. நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் வேலை என்றால் ரெட்டியார்பட்டி. அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தவர் கே.டி.சி. நகரில் மனை வாங்கினால் தினமும் இரண்டு வேளை ஊரைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டியிருக்கும். அவர் பேட்டை, பழையபேட்டைப் பக்கம் பார்ப்பதுதான் நல்லது.

மனை காட்ட அழைத்துப்போகிறவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரில் கூட்டிப்போவார். "ஜங்ஷனுக்குப் பத்தே நிமிஷம் சார்" என்பார். ஞாயிற்றுக்கிழமை அது உண்மைதான். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் ரோட்டில் இருக்கும்போது, நீங்களாகவே ஒரு தடவை டவுன் பஸ்ஸிலோ உங்கள் வண்டியிலோ போய்ப் பாருங்கள். வழியில் குலவணிகர்புரம் ரயில்வே கேட் குறுக்கிட்டால் அது அடைத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சாயங்காலம் கடைசி டவுன் பஸ் எப்போது என்பதைப் பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றால் இந்த ஒரு கேள்வியே ஏரியாவை முடிவுசெய்துவிடும்.

முதலில் வாடகைக்கு வாருங்கள். ஒரு கார்த்திகையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

வந்த மூன்றாம் மாதமே பத்திரம் போடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நம் பக்கத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். ஆனி, ஆடியில் மேற்கே மலையில் பெய்யும். நமக்கு மேல்காற்றும் புழுதியும், மிஞ்சினால் கொஞ்சம் சாரலும். சித்திரை வைகாசியில் போய்ப் பார்த்தால் எல்லா மனையும் காய்ந்த, சமமான, அழகான மனைதான். அதன் குணம் தெரிய வேண்டும் என்றால் கீழ்மழை இறங்க வேண்டும். அந்த மழைக்காலம் முழுக்க அதே பகுதியில் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நடப்பில் அதற்கு மேல் கேட்பார்கள். சட்டம் தெரிந்திருந்தால் பேசிக் குறைக்கலாம். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால் அந்தப் பலன் உங்கள் கைக்கு வராது.

"ஒத்திக்கு வீடு" என்ற பலகையும் இங்கே அடிக்கடி கண்ணில் படும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, போகும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வெள்ளைத்தாளிலோ இருபது ரூபாய் முத்திரைத்தாளிலோ எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாது. ஒத்தியைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் செல்லும். அதற்கு முன் அந்த வீட்டின் மேல் ஏற்கனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வீட்டை வங்கி எடுத்துக்கொண்ட பிறகு ஒத்திப் பணத்துக்கு அலைகிறவர்களின் கஷ்டம் சொல்லி முடியாது.

நிலத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய்கள் பிரிந்து குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகும். அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து கோடகன் கால், பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால், சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லை கால்வாய். டவுனுக்கு நயினார்குளம் வந்தது நெல்லை கால்வாயால். முன்னீர்பள்ளம், மேலப்பாளையம், குலவணிகர்புரம் வழியாகப் பாளை வரை வயல்கள் செழித்தது பாளையங்காலால். ஒரு குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இந்த வரிசையில் எந்தக் கண்ணியை அடைத்தாலும் தண்ணீர் நின்றுவிடாது, வேறு வழி பார்க்கும். இன்றைக்கு அந்த வேறு வழி பெரும்பாலும் ஒரு தெருவாக இருக்கிறது.

புது பஸ் நிலையத்தை ஒட்டி இருப்பது வேய்ந்தான்குளம். அதைப் பார்த்தாலே குளமும் ஊரும் எவ்வளவு நெருங்கிவிட்டன என்பது புரியும். நீங்கள் பார்க்கும் மனை எந்தக் குளத்தின் ஆயக்கட்டில், அதாவது பாசன நிலத்தில், இருந்தது, மிச்சத் தண்ணீர் வெளியேறும் அந்தக் குளத்தின் கலுங்கு எந்தப் பக்கம், மறுகால் எந்த வழியாகப் போகும் என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

யாரிடம் கேட்பது? விற்கிறவரிடம் இல்லை. அந்த ஏரியாவில் ஆடு மேய்க்கிறவர், பழைய ஊருக்குள் இருக்கிற வயசாளிகள், குளத்து மடையைத் திறந்து அடைக்கிறவர் இவர்களிடம் கேளுங்கள். மனைப் பிரிவுக்குள் அவர்கள் இருக்க மாட்டார்கள். பக்கத்துப் பழைய கிராமத்துக்குள் போக வேண்டும். "இங்க மனை நல்லாருக்குமா?" என்று கேட்டால் "நல்லாருக்கும்" என்றுதான் சொல்வார்கள். யார் பிழைப்பையும் கெடுக்க அவர்களுக்கு மனசு வராது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்.

"அண்ணாச்சி, முன்ன இதுல என்ன போட்டிருந்தாங்க?"

"நெல்லுதாம்யா. ஒரு கோட்டை வெதப்பாடு இருக்கும். கீழ ரெண்டு வயலு எப்பவும் சவதி."

"மழைக்கு இந்தத் தண்ணியெல்லாம் எங்ஙன போவும்?"

"அந்தா அந்தப் பாலத்துக்கு அடியில போயி கீழ்க்குளத்துல விழும். இப்பத்தான் அதுல மண்ணு அடிச்சிட்டானுவளே."

இந்த நான்கு வரியில் உங்களுக்கு வேண்டியது அத்தனையும் வந்துவிட்டது. நெல் போட்ட நிலம், எப்போதும் ஈரம் கசிகிற இடம், தண்ணீர் போகும் பாதை, அது இப்போது அடைபட்டிருக்கிறது என்ற சேதி.

அடுத்து உங்கள் கண்ணால் பாருங்கள். பக்கத்து வீடுகளின் வாசற்படி எத்தனை? எல்லா வீடும் ஐந்தாறு படி ஏறிப்போகிற மாதிரி கட்டியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாகக் கறை இருக்கிறதா? மூலையில் சம்பு, கோரை, நாணல் முளைத்திருக்கிறதா? புது மனைப் பிரிவில் மட்டும் சிவந்த சரள் மண் அடித்து, சுற்றிலும் கருப்பாக இருந்தால் அடியில் இருப்பது கரிசல் அல்லது வயல் மண். கரிசல் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதில் கட்ட முடியாது என்பதில்லை, அஸ்திவாரச் செலவு ஏறும். அதை மனை விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

நான்குவழிச்சாலையை ஒட்டிய மனைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அந்தச் சாலை பல இடங்களில் மேடாகப் போகிறது. நம் பக்கத்துச் சரிவு பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே. எனவே மேல்பக்கத்து ஓடைத் தண்ணீர் சாலைக்கு அடியில் இருக்கும் சின்னப் பாலங்கள் வழியாகத்தான் கீழே இறங்க முடியும். மனைக்குப் பக்கத்தில் அப்படிப் பாலம் இருந்தால் குனிந்து உள்ளே பாருங்கள். குப்பையும் கட்டட இடிபாடும் அடைத்துக் கிடந்தால் மேல்பக்கத்தில் தண்ணீர் தேங்கும். திறந்திருந்தால் கீழ்ப்பக்கம் எந்த மனை வழியாக அது ஓடுகிறது என்று பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைப் பற்றி எல்லாரிடமும் கேளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பஸ் நிலையம், கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகம் வரை தண்ணீர் வந்தது. வயதில் மூத்தவர்கள் 1992 நவம்பர் வெள்ளத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். 2023இன் அந்த இரண்டு நாளும் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது, எத்தனை நாளில் வடிந்தது, ஆற்றுத் தண்ணீரா குளத்துத் தண்ணீரா என்று மூன்று வீட்டில் தனித்தனியாகக் கேளுங்கள். செல்போனில் எடுத்த படம் அநேகமாக எல்லார் வீட்டிலும் இருக்கும். காட்டச் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

காகிதங்கள்

நிலம் பிடித்துவிட்டது என்றால் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். "புக் பண்ணிட்டா தருவோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எண் கிடைத்ததும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு, எல்லைகளைக் காட்டும் புலப்படம் மூன்றையும் எடுக்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். முப்பது வருஷத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

பட்டாவில் பெயர் சரியா என்று மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். அ-பதிவேட்டில் அந்த நிலம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதையும், புலப்படத்தில் பக்கத்து எண்களில் ஓடையோ வாய்க்காலோ குளப் புறம்போக்கோ இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நேரில் காணாமல் போன ஓடை புலப்படத்தில் அப்படியே கோடாக இருக்கும். நம் மாவட்டத்தில் கோயில் நிலம் ஏராளம்; இனாம், தேவதானம் என்று பழைய பத்திரத்தில் எங்காவது வந்தால் அங்கேயே நில்லுங்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம், வக்ஃபு நிலம் என்றாலும் அப்படித்தான். இவற்றை விலைக்கு வாங்கினால் சட்டத்திலும் நிற்காது, நியாயத்திலும் நிற்காது.

மனைப் பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவு என்றால் ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும். ஒப்புதல் வரைபடத்தை வாங்கி, அதில் பூங்கா என்று காட்டிய இடம் நேரில் பூங்காவாக இருக்கிறதா, யாராவது கல் நட்டு விற்கிறார்களா என்று நடந்து பாருங்கள். ஒப்புதல் இல்லாத பிரிவில் உள்ள மனையைப் பதிய முடியாது. 2016 அக்டோபர் 20க்கு முன்பே வீட்டு மனையாகப் பதிவான மனைக்கு விலக்கு உண்டு, ஆனால் வரன்முறை செய்யாமல் அதில் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் வாங்கப் போனால் இழுத்தடிக்கும்.

குடும்பச் சொத்து என்றால் தாத்தா காலத்திலிருந்து வாரிசுகள் யார் யார் என்று எழுதிப் பாருங்கள். கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்காமல் அண்ணன் தம்பி மட்டும் விற்பது இன்னும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 1989இலேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது. 2005இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. "அக்காமார் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்ற வாக்கை நம்பாதீர்கள், அந்த அக்காமாரின் கையெழுத்தை நம்புங்கள். அவர்களுக்கு உரியது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த நிலத்தில் குடியிருப்பது உங்களுக்கும் நிம்மதி. பவர் வாங்கியவர் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று வேண்டும்.

செலவு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. புறநகரில் மூன்று நான்கு சென்ட் வாங்குகிறவர்களுக்கு இது உதவும். இங்கே விலை பேசுவது சென்ட்டில். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சதுர அடியில் சொல்லும் விலையைச் சென்ட்டுக்கு மாற்றிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். பத்திரம் முடிந்த கையோடு பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அவர் அளக்கும் அன்று நீங்களும் நான்கு பக்கத்துக்காரர்களும் நிற்பது நல்லது.

மாநகராட்சியா, ஊராட்சியா

ஒரே சாலையின் ஒரு பக்கம் மாநகராட்சியாகவும் எதிர்ப்பக்கம் ஊராட்சியாகவும் இருக்கும். கே.டி.சி. நகரில் வீடு பார்க்கிறவர்கள் கீழநத்தம் ஊராட்சி என்ற பெயரைக் கேள்விப்படுவீர்கள். வரி எங்கே கட்டுவது, குப்பை வண்டி வருமா, தெருவிளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது எல்லாம் இதைப் பொறுத்தது. புறநகரின் பெரும்பகுதியில் பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். உங்கள் போரும் (ஆழ்துளைக் கிணறு) பக்கத்து வீட்டு டேங்கும் எதிரெதிர் மூலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீரைப் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பாருங்கள், உப்பு தெரிந்துவிடும். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டு அதற்குத் தக்க அளவில் தரைத்தொட்டி கட்டுங்கள்.

கட்டும்போது

2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் அதன் மேல் ஒரு தளமுமாக வீடு கட்டுவதற்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையம் வழியாகவே அனுமதி கிடைக்கிறது. ஐந்து சென்ட் மனை அதற்குள் அடங்கிவிடும்.

அஸ்திவார மட்டத்தை இன்றைய ரோட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். புது மனைப் பிரிவில் இன்று இருப்பது சரள் ரோடு. அதன் மேல் ஜல்லியும் தாரும் விழும், சில வருஷம் கழித்து இன்னொரு அடுக்கும் விழும். அதை மனதில் வைத்துக் கொத்தனாரிடம் மட்டம் பேசுங்கள். அதற்காகப் பக்கத்து மனையில் தண்ணீர் தேங்கும்படி நம் மனையை மட்டும் உயர்த்திவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. பக்கத்துக்காரரோடு பேசி இரண்டு வீட்டுத் தண்ணீரும் தெருவடிகாலுக்குப் போகும்படி செய்யுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பேருக்கு ஒரு குழாயை மண்ணில் சொருகாமல் கூழாங்கல்லும் மணலும் போட்ட குழியாக எடுத்தால் சில வருஷத்தில் போர்த் தண்ணீரின் ருசியிலேயே வித்தியாசம் தெரியும்.

மேல்காற்று மாதங்களில் புழுதி தாங்காது. மேற்கே பெரிய ஜன்னல் வைக்கிறவர்கள் அந்தப் பக்கம் வேம்போ புங்கனோ இரண்டு கன்று இப்போதே நட்டுவிடுங்கள்.

தெருவோடு சேருங்கள்

புது நகர்களில் அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே வருஷக்கணக்கில் இருக்கிறவர்கள் உண்டு. பால் காய்ச்சும் அன்றைக்கே இடம் வலம் நான்கு வீட்டையும் கூப்பிடுங்கள். நகர் நலச்சங்கம் இருந்தால் சேருங்கள். ரோடு, விளக்கு, வடிகால் எதையும் தனி ஆளாக மனுக் கொடுத்து வாங்குவதைவிடச் சங்கமாகப் போனால் சீக்கிரம் நடக்கும். பக்கத்துப் பழைய ஊரின் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு வரி கேட்டு வந்தால் உங்களால் ஆனதைக் கொடுங்கள், கொடையன்று போய் நில்லுங்கள். நீங்கள் குடியிருப்பது அவர்கள் உழுத நிலம். ராத்திரி மேளம் கேட்கிறது என்று போலீஸுக்குப் போன் செய்வதைவிட அது எவ்வளவோ மேல். ஆனித் தேரோட்டத்துக்கு டவுனுக்குப் போய் ஒரு தடவையாவது வடம் பிடியுங்கள், பாளை தசராவுக்குச் சப்பரங்கள் வரிசையாக நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காய்கறிக்கு மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

முதல் மழைக்கு முன்

புரட்டாசி முடிவதற்குள் தெருக்காரர்கள் சேர்ந்து வடிகாலையும், மேலே சொன்ன சாலைப் பாலத்தின் வாயையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அடைத்திருந்தால் படம் எடுத்து ஊராட்சியிலோ மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். பத்திரம், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ்களை பிளாஸ்டிக் பையில் போட்டுப் பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். தரைத்தொட்டியின் மூடி நன்றாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள், வெள்ளம் ஏறினால் முதலில் கெடுவது குடிதண்ணீர்தான். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987, இரண்டையும் வீட்டில் எல்லாருடைய போனிலும் பதிந்துவையுங்கள். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை அந்த மாதங்களில் தினமும் செய்தியில் பாருங்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், ஆற்றோரம் சொந்தக்காரர்கள் இருக்கிறவர்கள் அன்றைக்கே போன் செய்து அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிவிடுங்கள்.